கம்போங் புவா பாலா: ஜாதிக்காய்க் கம்பம் சொல்லும் நிலப் பாடம்

பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் நாம் முதலில் தொடும் வட்டாரம் குளுகோர். வலப்பக்கம் திரும்பினால் ஜோர்ஜ்டவுன். இடப்பக்கம் திரும்பினால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் விமான நிலையமும். நேர் எதிரே மலை. அந்த மலைச்சரிவில் இன்று வரிசை வரிசையாக அடுக்குமாடிகள் நிற்கின்றன.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வரை அந்த வட்டாரத்தில் ஒரு தமிழ்க் கம்பம் இருந்தது. பலகை வீடுகள், தகரக் கூரைகள், தென்னை மரங்கள், வாசலில் கட்டிக் கிடக்கும் மாடுகள், மேய்ந்து திரியும் ஆடுகள். அதன் பெயர் கம்போங் புவா பாலா.

அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றும் பலருக்குக் கோபம் வருகிறது, சிலருக்குக் கண் கலங்குகிறது, சிலர் "அது அரசியல்" என்று பேச்சை முடித்துக் கொள்கிறார்கள். கம்பம் இடிபட்ட பிறகு பிறந்த பிள்ளைகளுக்கோ அப்படி ஓர் இடம் இருந்ததே தெரியாது. அது எங்கே இருந்தது, எப்படி உருவானது, ஏன் இல்லாமல் போனது, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பெயரில் இருக்கும் வரலாறு

மலாய் மொழியில் புவா பாலா என்றால் ஜாதிக்காய். பாலிக் புலாவ் பக்கம் போனால் இன்றும் ஜாதிக்காய்ச் சாறும், சர்க்கரையில் ஊறவைத்த ஜாதிக்காயும் வாங்கலாம். சுற்றுப்பயணிகள் வாங்கிச் செல்லும் அந்தச் சிறு பொட்டலத்துக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட கதை உண்டு.

ஜாதிக்காய் ஒரு காலத்தில் இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அதன் வாணிகத்தை டச்சுக்காரர்கள் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். 1796இல் ஆங்கிலேயர்கள் அந்தத் தீவுகளைப் பிடித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்து ஜாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் பினாங்குக்கு அனுப்பி வைத்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் கைப்பற்றிய இந்தத் தீவு வெறும் துறைமுகமாக நின்றுவிடாமல், வாசனைப் பொருள்கள் விளையும் தீவாகவும் ஆக வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு.

ஜாதிக்காய் மரம் பொறுமையைச் சோதிக்கும் மரம். காய் கொடுக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும் வரை எது எதுவென்று தெரியாது. அதனால் பணமும் ஆள்பலமும் உள்ளவர்களால்தான் அந்தத் தோட்டத்தைத் தாக்குப்பிடிக்க முடிந்தது. காடு வெட்டவும், கன்றுக்கு நிழல் கட்டவும், காய் பறித்து ஓடு உடைத்து, மேலே சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியைப் பிரித்துக் காயவைக்கவும் ஆள் வேண்டும்.

அப்படிப் பணமும் ஆள்பலமும் இருந்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் பிரவுன். 1800ஆம் ஆண்டு வாக்கில் பினாங்கு வந்து, தீவின் மிகப் பெரிய நிலக்கிழார்களில் ஒருவரானார். அவருடைய தோட்டம்தான் குளுகோர் தோட்டம். 1825இல் அவர் இறந்தார். டத்தோ கெராமாட் சாலையில் மாலை நேரத்தில் நாம் சாப்பிடப் போகும் பாடாங் பிரவுன், அவர் குடும்பம் பொதுமக்களுக்கு விட்டுக் கொடுத்த திடல்தான். அவருடைய நினைவுச் சின்னம் இன்றும் அங்கே நிற்கிறது.

தோட்டம் போனது, மக்கள் போகவில்லை

பினாங்கில் தமிழர்களின் வரலாறு ரப்பர் தோட்டத்தோடு தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ரப்பர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் இங்கே இருந்தார்கள். 1794இல் லைட் எழுதி அனுப்பிய அறிக்கையிலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இங்கே கடை வைத்தும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள் சுமார் ஆயிரம் பேர் என்ற கணக்கு இருக்கிறது. இதைத் தவிர, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கப்பலில் வந்து சில மாதங்கள் உழைத்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தார்கள்.

தங்கள் முன்னோர்கள் பிரவுன் குடும்பத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்பதுதான் கம்போங் புவா பாலா மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்த வரலாறு. கம்பத்துக்கு இருநூறு ஆண்டு வயது என்று அவர்கள் சொன்னதும் அந்தக் கணக்கில்தான்.

1860ஆம் ஆண்டு வாக்கில் பினாங்கின் ஜாதிக்காய் மரங்களை நோய் தாக்கியது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் பட்டுப்போயின. முதலாளிகள் வேறு பயிருக்கும் வேறு தொழிலுக்கும் மாறினார்கள். மரங்கள் போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. மக்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவர்கள் கையில் எடுத்த பிழைப்பு மாடு வளர்ப்பு. நகரத்துக்குப் பக்கத்திலேயே பால் கறந்து விற்கும் கம்பமாக அது நிலைத்தது. 1967 முதல் 1971 வரை வந்த 'தி ஹை சப்பரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மாட்டுப் பண்ணையும் மாட்டு மந்தையும்தான் கதைக்களம். அதைப் பார்த்த பினாங்குவாசிகள் இந்தக் கம்பத்துக்கும் 'ஹை சப்பரல்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பின்னாளில் செய்தித்தாள்களில் 'தமிழர்களின் ஹை சப்பரல்' என்று எழுதப்பட்டது இதனால்தான்.

நிலத்தின் விலை ஏறிய கதை

கம்பம் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த பினாங்குதான் மாறியது.

1969இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், இன்றைய யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியா, சில ஆண்டுகளில் குளுகோரில் பிரிட்டிஷ் இராணுவம் விட்டுச் சென்ற மிண்டென் முகாமுக்கு வந்து சேர்ந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிக வலயம் திறக்கப்பட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் தீவில் வந்து இறங்குவது குளுகோரில்.

இந்த மூன்றையும் ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். நகரத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே, பாலத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அருகே, கடலைப் பார்த்த மலைச்சரிவு. மாடு மேய்ந்த அந்த நிலம் வீடமைப்பு நிறுவனங்களின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பினாங்கு சிறிய தீவு. பாதிக்கு மேல் மலை. சமநிலம் கொஞ்சம்தான்.

நிலம் யாருடையது?

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

பிரவுன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த நிலம் காலப்போக்கில் அரசாங்கத்தின் கைக்குப் போனது. தோட்டத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் அங்கேயே வாழ வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த நிலம் அறக்கட்டளையாக ஒப்படைக்கப்பட்டது, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்பது கம்பத்து மக்களின் வாதம். ஆனால் அவர்கள் கையில் இருந்தது நிலப்பட்டா அல்ல. மாநில அரசு கொடுத்த தற்காலிகக் குடியிருப்பு உரிமம். நம்மவர்கள் வழக்கமாக டிஓஎல் என்று சொல்வது இதைத்தான். மலாயில் எல்பிஎஸ்.

மாநில அரசு அந்த நிலத்தை அரசாங்க அதிகாரிகளின் கூட்டுறவுக் கழகம் ஒன்றுக்குக் கொடுக்க முடிவு செய்தது. கழகம் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே அடுக்குமாடி கட்டத் திட்டமிட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. கூட்டரசு நீதிமன்றத்திலும் அவர்களுக்கு வழி திறக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன.

நிலத்தைக் கொடுக்கும் முடிவு 2008 மார்ச் தேர்தலுக்கு முன்பிருந்த மாநில அரசின் காலத்தில் எடுக்கப்பட்டது. வீடுகள் இடிபட்டது அதற்குப் பின் வந்த அரசின் காலத்தில். அதனால் ஒரு தரப்பு "விற்றது நீங்கள்" என்றும், மறு தரப்பு "காப்பாற்றத் தவறியது நீங்கள்" என்றும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. 2007 நவம்பரில் ஹிண்ட்ராப் பேரணி நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. இந்தியர்களின் உள்ளம் கொதித்துக் கொண்டிருந்தது. ஒரு சிறு கம்பம் நாடு முழுதும் பேசப்பட்டதற்கு அதுவும் காரணம்.

மாற்றாக இரட்டை மாடி வீடு தருவதாகப் பேச்சு நடந்தது. சில குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன. சில குடும்பங்கள் கடைசி வரை மறுத்தன. ஏற்றவர்களைக் குறை சொல்வதும், மறுத்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வதும் எளிது. ஒரே கம்பத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள், அந்தச் சில மாதங்களில் இரு தரப்பாகப் பிரிந்தார்கள். இடிந்த வீடுகளோடு இந்த இழப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"இருநூறு ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு உரிமை இல்லையா?" என்ற கேள்வி அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. மனசாட்சியின் பதில் ஒன்று. சட்டத்தின் பதில் வேறு. சட்டத்தின் பதிலை நாம் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. தீபகற்ப மலேசியா முழுதும் பொருந்தும் தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பினாங்கிலும் மலாக்காவிலும் ஆங்கிலேயர் முறையில் பத்திரங்களை வைத்தே நிலம் கைமாறியது. பத்திரம், சாட்சி, நீண்ட கால அனுபவம் எல்லாம் பேசிய காலம் அது. புதிய சட்டம் வந்த பிறகு பேசுவது ஒன்றே ஒன்றுதான்: நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது?

அந்தச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமம் வாங்கிக் குடியிருந்தாலும்கூட, அதனால் நிலவுரிமை வந்துவிடாது என்கிறது. தனியார் நிலத்துக்கு 341ஆவது பிரிவு இருக்கிறது. எவ்வளவு காலம் அங்கே வாழ்ந்திருந்தாலும், பதிவு பெற்ற உரிமையாளர் நிலத்தைக் கேட்டு வழக்குப் போடுவதை அது தடுக்காது.

டிஓஎல் பற்றிப் பேசுவோம். இது பாரம் 4ஏ என்ற படிவத்தில் வரும். இதன் ஆயுள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான். ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேராது. அப்பா பெயரில் இருக்கும் உரிமத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அது நம் வீட்டுக்குக் காவல் என்று நம்பிக் கொண்டிருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், மின்சாரக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளும் அப்படித்தான். நாம் அங்கே குடியிருக்கிறோம் என்பதை அவை காட்டும். நிலம் நம்முடையது என்பதைக் காட்டாது.

இன்றைக்கும் பொருந்தும் பாடம்

கம்போங் புவா பாலா முடிந்துபோன கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தோட்டம் துண்டாடப்பட்ட இடங்களில், ஆற்றங்கரைக் கம்பங்களில், இரயில் பாதை ஓரங்களில் இன்னும் நம் குடும்பங்கள் வாழ்கின்றன. வீடு மட்டுமல்ல. நம் கோயில்களில் எத்தனை தங்கள் பெயரில் உள்ள நிலத்தில் நிற்கின்றன? நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் நிலம் இன்னும் தோட்ட நிறுவனங்களின் பெயரில் இருப்பதால்தானே அவை அரசாங்கத்தின் முழு உதவி பெறாத பள்ளிகளாக நிற்கின்றன?

ஆகவே வாசகர்கள் சில காரியங்களை உடனே செய்யலாம்.

முதலாவது, நாம் வாழும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் தேடல் செய்து பாருங்கள். மலாயில் இதைச் 'சாரியான்' என்பார்கள். நிலத்தின் லோட் எண் இருந்தால் போதும், கட்டணம் கட்டி யாரும் விண்ணப்பிக்கலாம். நிலத்தின் உரிமையாளர், அடமானம், கேவியட் எல்லாம் அதில் தெரியும்.

இரண்டாவது, அது அரசு நிலமாக இருந்து டிஓஎல் மட்டும் இருந்தால், நிலவுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டா என்று இப்போதே விசாரியுங்கள். நிலம் அரசின் கையில் இருக்கும் வரை கேட்க இடமிருக்கிறது. அது வேறொருவர் பெயருக்குப் பதிவாகிவிட்டால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். கம்போங் புவா பாலாவில் நடந்தது இதுதான்.

மூன்றாவது, உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் வாரிசுகள் பெயரில் புது விண்ணப்பம் போடுங்கள்.

நான்காவது, முதலாளி கொடுத்த வாக்கு, தாத்தாவிடம் துரை எழுதிக் கொடுத்த காகிதம், பழைய வாடகை ரசீது என்று எது கையில் இருந்தாலும் அதைத் தூக்கிப் போடாமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நிலத்தில் சட்டப்படியான பற்று இருக்கிறது என்று அவர் கருதினால் தனியார் கேவியட் போடலாம். அது ஆறு ஆண்டுகள் செல்லும். கட்டடம் கட்ட இயந்திரம் வந்த பிறகு ஓடுவதைவிட, இப்போது ஒரு நாள் செலவழிப்பது மேல்.

எழுத்தில் இருந்தது நிலைத்தது

பினாங்கிலேயே இதற்கு மறுபக்க உதாரணமும் உண்டு. 1801இல் காதிர் மொகிதீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் பள்ளிவாசல் கட்ட நிலம் கேட்டபோது, கம்பெனி அரசு 18 ஏக்கரை எழுத்துப்பூர்வமாக வழங்கியது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. கோயில் சொத்துகளைக் காக்க 1906 முதல் இங்கே இந்து அறப்பணி வாரியம் இயங்கி வருகிறது. வாய்மொழி வாக்கை மட்டும் நம்பியிருந்த இடங்கள்தாம் அதிகம் கரைந்தன.

2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் இருக்கும் லெபோ சூலியாவும் லிட்டில் இந்தியாவும் இன்று பாதுகாக்கப்படுகின்றன. அதற்கு அடுத்த ஆண்டே, எல்லைக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு கம்பம் தரைமட்டமானது. கல் கட்டடத்தைப் பாரம்பரியம் என்று அடையாளம் காண்பது எளிது. பலகை வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் பாரம்பரியம் என்று ஒப்புக்கொள்ள நாம் இன்னும் பழகவில்லை.

போலந்து நாட்டில் நூறு பேர்கூட இல்லாத கிராமத்துக்கும் அது எந்த மாவட்டம், எந்த வட்டம், பக்கத்து நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்த ஆண்டில் முதன்முதலாக எழுத்தில் பதிவானது என்ற விவரங்கள் உண்டு. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பல கிராமங்கள் 1945 வரை ஜெர்மனியைச் சேர்ந்தவை. போருக்குப் பின் எல்லை மாறியது, பழைய மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஊர்ப்பெயர்கூட மாறியது. ஆனாலும் பழைய பெயர் என்ன, யார் வாழ்ந்தார்கள் என்பது பதிவில் இருக்கிறது. தேவாலயப் பதிவேடுகளில் பிறப்பும் இறப்பும் எழுதி வைக்கப்பட்ட நாடு அது.

நம் கம்பங்களுக்கு அப்படிப் பதிவேடு கிடையாது. நம் பதிவேடு பாட்டிமார்களின் நினைவுதான். ஏர் ஈத்தாம் ஆற்றோரம் சலவைத் தொழிலாளர்கள் வாழ்ந்துவரும் டோபி காட் இருக்கிறது. பிறை, பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கம் எத்தனையோ பழைய தோட்டக் குடியிருப்புகள் உண்டு. அங்கே யார் முதலில் வந்தார்கள், கோயில் எப்போது எழுந்தது, எந்த லயம் எங்கே இருந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதி வைத்தோமா? கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கும் நம் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து ஓர் ஒலிப்பதிவு செய்தால், அதுவே அந்த இடத்தின் முதல் வரலாறாக இருக்கும்.

குளுகோர் வழியாக அடுத்த முறை போகும்போது மலைப்பக்கம் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ஜாதிக்காய் மரம் இல்லை, மாடு இல்லை, கம்பமும் இல்லை. உங்களோடு காரில் பிள்ளைகள் இருந்தால் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும், நம் வீடு நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.